மீசையை வடிவா எடுங்கோ

வெளியூர் போனால் கோயில் பார்ப்பவர்கள் உண்டு, கடைத்தெரு பார்ப்பவர்கள் உண்டு. நான் சலூன் பார்ப்பேன். பாத்திர வியாபாரத்துக்காக மொராதாபாத் போனபோதும் சரி, மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கோயம்புத்தூர் போனபோதும் சரி, ஒரு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டிய பிறகுதான் அந்த ஊருக்கு வந்த மாதிரியே இருக்கும். கத்தி கழுத்தில் இருக்கும்போது நாம் பேச முடியாது. அவர்தான் பேசுவார். ஊர்க்கதை எல்லாம் தானாக வந்து மடியில் விழும், கூடவே நம் முடியும்.

இந்த முறை போனது யாழ்ப்பாணம். சம்பந்தம் பேசுகிற வேலை. என் மகன் செந்தில் டொராண்டோவில் வேலை பார்க்கிறான். அங்கே யாழினி என்றொரு பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. பெண்ணின் பெற்றோர் வடமராட்சியில், கரவெட்டியில் இருக்கிறார்கள். போனில் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. நாள் குறிப்பதுதான் பாக்கி. அதை நேரில் போய்ப் பேசுவதுதானே மரியாதை?

என் மனைவி சரோஜா வரவில்லை. என் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அப்பாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. கட்டிலில் எழுந்து உட்காருவதே அபூர்வம். காது மந்தம். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. "பேரன் கல்யாணத்தைப் பாத்துட்டுப் போயிடுறேன்டா" என்று காலைக் காபியோடு தினமும் சொல்லுவார். கல்யாணம் பெண்ணின் ஊரில் நடந்தாலும் போனிலாவது பார்ப்பார். வருகிற தை மாதத்திலேயே கல்யாணத்தை வைத்துவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்ற ஒரே நினைப்போடுதான் நான் கிளம்பினேன். தள்ளினால் அவர் பார்ப்பாரா மாட்டாரா என்று எந்த டாக்டரும் சொல்லத் தயாராக இல்லை.

கிளம்பும்போது சரோஜா சொன்னது ஒன்றுதான். "போற எடத்துல பரட்டைத் தலையோட போய் நிக்காதீங்க. அங்க போயி மொதல்ல முடியை வெட்டுங்க." மதுரையில் முப்பது வருஷமாக எனக்கு வெட்டுகிற அழகர் அந்த வாரம் மாலை போட்டு மலைக்குப் போயிருந்தார். எனக்கும் வேண்டியது அதுதான்.

யாழ்ப்பாணம் நகரில் ஒரு ரீச்சர் வீட்டில் தங்கினேன். அந்த ஊரில் டீச்சரை அப்படித்தான் சொல்கிறார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டு முன்னறையை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார். வரவேற்பறையில் பியானோ, அதன் மேல் வேதாகமம், அதன் மேல் மூக்குக் கண்ணாடி. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"வடிவாச் சாப்பிடுங்கோ" என்றார்.

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. வடிவு என்றால் அழகு என்பது எனக்குத் தெரியும். அன்று மாலைதான் யாழினியின் போட்டோவைக் காட்டியபோது "பிள்ளை நல்ல வடிவு" என்று சொல்லியிருந்தார். ஆக, அழகாகச் சாப்பிடச் சொல்கிறார். நான் சொதியை இடியப்பத்தில் குழப்பி அடிக்கிற வேகத்தைப் பார்த்திருப்பார். நிமிர்ந்து உட்கார்ந்து, விரல் நுனியால், ஒரு இழை சிந்தாமல் கல்யாண போட்டோவுக்குப் போஸ் கொடுப்பது மாதிரி சாப்பிட்டேன். பாதி வயிறுதான் நிறைந்தது. "என்ன, காணுமோ?" என்று அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை; போதுமா என்று அர்த்தமாம். "ஓம்" என்று சொல்லி வைத்தேன். ஆமாம் என்பதற்கு இங்கே ஓம். வந்த அன்றே பிடித்துக்கொண்ட சொல் அது. வாய்க்கு வசதியாகவும் இருந்தது.

மறுநாள் காலை சலூன் தேடிப் புறப்பட்டேன்.

பஸ் நிலையத்துப் பக்கம் நுழைந்த முதல் கடையில் பாதித் தலையை மழித்துக்கொண்டு மீதியைச் சேவல் கொண்டை மாதிரி நிறுத்தியிருந்த பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "தலைமயிர் வெட்டவோ, சேவ் எடுக்கவோ?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரையில் அந்தச் சொல்லைச் சலூனில் சொன்னால் நாற்காலி பறக்கும். இங்கே அவர் காய்கறி விலை சொல்கிற மாதிரி சொல்லுகிறார், வரிசையில் இருந்த ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே தமிழ்தான், ஆனால் சூடு வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டம் அதிகமாக இருந்ததால் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு மூன்று தெரு சுற்றி, வேப்பமரம் ஒன்றின் கீழ் நல்ல கடையொன்றைக் கண்டேன். சலூன் நல்லதா என்று பார்க்க எனக்கு ஒரு கணக்கு உண்டு. சீப்பு சுத்தமாக இருக்க வேண்டும், வெட்டுகிறவர் தலை ஒழுங்காக வெட்டியிருக்க வேண்டும், காத்திருக்கிறவர்களில் ஒரு கிழவராவது இருக்க வேண்டும். மூன்றும் இருந்தது. கடைக்காரர் பெயர் றஞ்சன். நாற்பது வயதிருக்கும். ரேடியோவில் பழைய பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"இருங்கோ ஐயா. கட்டையா வெட்டட்டோ?"

கட்டையாக என்றால் குட்டையாக என்று ஊகித்தேன். சுத்தமாகத்தானே போக வேண்டும்? "ஓம்" என்றேன். கத்தரிக்கோல் ஓடிய ஓட்டத்தில் எனக்கே சபாஷ் போடத் தோன்றியது. ஒரு இழுப்பு இல்லை, ஒரு சுருக்கு இல்லை. காதோரம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அழகர் இப்படி வெட்டி நான் பார்த்ததில்லை. அவர் பாதி நேரம் தெருவைப் பார்த்துத்தான் வெட்டுவார்.

தலை முடிந்தது. அடுத்தது மீசை. என் மீசையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கல்யாண போட்டோவில் என்னைவிட அதுதான் முன்னால் நிற்கும். பெண் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவிலும் அப்படியே. ஓரத்தில் கொஞ்சம் நரை பிதுங்கிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கி, அழகாக எடுத்துவிடச் சொல்ல வேண்டும். நம் ஊரில் "மீசையை லேசா எடுத்து விடுங்க" என்போம். அதை இந்த ஊர்ப் பேச்சில் சொன்னால் மனிதர் எவ்வளவு சந்தோஷப்படுவார்! எனக்குத்தான் பாஷை வந்துவிட்டதே.

"மீசையை வடிவா எடுங்கோ" என்றேன், ராகத்தோடு.

றஞ்சன் கை நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வடிவா எடுக்கட்டோ ஐயா?"

"ஓம் ஓம். வடிவா."

அவர் போய் ரேடியோவை நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. வெந்நீரில் பிழிந்த துணியை முகத்தில் மெதுவாக வைத்தார். என்ன மரியாதை, என்ன பதவிசு என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன். காத்திருந்த கிழவர் நெடுமூச்சு விட்டது கேட்டது. கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு வெளுத்த மைதானம்.

அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். றஞ்சன் என் தோளில் கை வைத்தார்.

"எல்லாருக்கும் உள்ளதுதானே ஐயா. மனசை விட்டிடாதேங்கோ."

மீசையை எடுத்துவிட்டு இவ்வளவு அருமையாக ஆறுதல் சொல்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ரீச்சர் கதவைத் திறந்து ஒரு கணம் திகைத்தார். "எங்கடை போதகர் மாதிரி இருக்கிறியள்!" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பியானோ மேலிருந்த கண்ணாடி கீழே விழாதது ஆச்சரியம்.

"ஐயோ கடவுளே! வடிவு எண்டால் அழகுதான். வடிவா எண்டால் அது வேறை. நல்லா, முழுக்க, ஒரு குறையும் இல்லாமல். வடிவாக் கேளுங்கோ எண்டால் கவனமாக் கேக்கிறது. வடிவாச் சாப்பிடுங்கோ எண்டால் வயிறு நிறையச் சாப்பிடுறது. நீங்கள் மீசையை ஒண்டும் மிச்சம் விடாமல் எடுக்கச் சொல்லியிருக்கிறியள். அந்த மனுசன் எடுத்திட்டார்."

அப்படியானால் முந்தின இரவு நான் பட்டினி கிடந்ததும் வீண்தான். அன்று இரவு புட்டை வடிவாகச் சாப்பிட்டேன். சரோஜா வீடியோவில் கூப்பிட்டபோது கேமராவைப் புட்டுப் பக்கம் திருப்பிவிட்டுப் பேசினேன். "மூஞ்சியைக் காட்டுங்க, முடி வெட்டியாச்சா?" "ஆச்சு ஆச்சு, சிக்னல் சரியில்லை." ஊருக்குப் போவதற்குள் கொஞ்சமாவது முளைத்துவிடும் என்று ஒரு நப்பாசை.

மூன்றாம் நாள் கரவெட்டிக்குப் புறப்பட்டேன். பருத்தித்துறை போகிற மினிபஸ். பாட்டு, சனம், கோழிக்கூடை எல்லாம் உண்டு. வல்லை வெளியில் கடல்நீரேரியைத் தாண்டும்போது காற்று உள்ளே புகுந்து மேலுதட்டைத் தடவியது. அந்த இடத்தில் காற்றுப் பட்டு முப்பது வருஷமாகிறது. கூச்சமாக இருந்தது, கொஞ்சம் சுகமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். கரவெட்டிக்கு நெல்லியடியில் இறங்க வேண்டும். நான் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அடுத்த ஊரில் ஒரு அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து "இறக்கம்!" என்று ஒற்றைச் சொல் சொன்னார், பஸ் அப்படியே நின்றது. அவர் பின்னாலேயே குதித்து இறங்கி, ஓட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன்.

பெண் வீட்டு வாசலில் கோலம், அதன் நடுவே நிறைகுடம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தேங்காயும் மாவிலையுமாகப் பார்க்கவே மனம் குளிர்ந்தது. உள்ளேயிருந்து பயற்றம்பணியாரம் சுடுகிற வாசனை. பெண்ணின் அப்பா சிவபாலன் சிரித்தபடி படியிறங்கினார். என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது.

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். நேரே வந்து, நிறைகுடத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு வந்து விளக்குகளையும் எடுத்துப் போனார். வந்தவரைக் கண்டதும் உள்ளே எடுத்து வைப்பது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது, ஊருக்குப் போய் சரோஜாவிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

கதிரையில் உட்காரவைத்தார்கள். வெறும் தேத்தண்ணி வந்தது. பணியாரம் வரவில்லை. வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. எதிரே பெண்ணின் பெரியப்பா வந்து உட்கார்ந்தார். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வேட்டி. அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு என்று செந்தில் முன்பே எச்சரித்திருந்தான். என் ஒட்ட வெட்டிய தலையையும் வெறும் உதட்டையும் மெதுவாகப் பார்த்தார்.

"கன கஷ்டமில்லாமல் முடிஞ்சுதோ?" என்றார்.

மீசையைத்தான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். கிண்டலுக்கு நான் சளைத்தவனா? "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க. வலிகூடத் தெரியலை."

"அது குடுத்துவைச்ச போக்கு" என்று அவர் தலையசைத்தார். சிவபாலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு மீசைக்கு இவ்வளவா என்று எனக்கே நெகிழ்ந்துவிட்டது.

"அந்தியேட்டி எல்லாம் முடிஞ்சுதோ?"

இந்தச் சொல் புதிது. அந்தி என்று வருவதால் சாயங்காலத்து டிபனாக இருக்கும், பயணக் களைப்பில் சாப்பிட்டேனா என்று விசாரிக்கிறார் என்று நினைத்து, "ஓம்" என்றேன்.

"அப்ப ஒண்டும் அவசரமில்லை. ஆட்டைத் திவசம் முடியட்டும். அடுத்த வருசம் நாள் பாப்பம்."

அந்தியேட்டி தெரியாது. ஆனால் திவசம் தெரியும். எல்லாத் தமிழனுக்கும் தெரியும். தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"யாருக்குத் திவசம்?"

"உங்கடை ஐயாவுக்கு."

"எங்கப்பாவுக்கா? எங்கப்பா உயிரோட இருக்காருங்க!"

பிறகுதான் சிவபாலன் மெல்லச் சொன்னார். இங்கே தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவர்தான் தலையையும் மீசையையும் வழிப்பார். அந்தியேட்டி என்பது செத்தவருக்கு ஒரு மாதம் கழித்துச் செய்கிற காரியம். வயதான தகப்பன் படுக்கையில், மனைவி வரவில்லை, வந்தவர் மீசையில்லாமல், மழித்து முளைத்த மாதிரித் தலையோடு வருகிறார். யார்தான் வேறு விதமாக நினைப்பார்கள்? துடக்கு, அதாவது தீட்டு, உள்ள வீட்டிலிருந்து வந்தவரை நிறைகுடம் வைத்து எப்படி வரவேற்பது? நம் ஊரிலும் அப்படித்தானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. றஞ்சன் ரேடியோவை நிறுத்தியதும், அந்தக் கிழவரின் நெடுமூச்சும், தோளில் வைத்த கையும் ஒவ்வொன்றாக வந்து மண்டையில் குட்டின.

சலூன் கதையைச் சொன்னேன். வடிவா, எடுங்கோ, எல்லாவற்றையும். பெரியப்பா முகம் இளகவில்லை.

"அந்தியேட்டி முடிஞ்சுது எண்டு உங்கடை வாயாலைதானே சொன்னனீங்கள். இப்ப நாள் தள்ளிப் போகுது எண்டவுடனை கதையை மாத்துறியள். துடக்கை மறைச்சு நல்ல காரியம் செய்யிறதோ? எங்கடை பிள்ளையின்ரை வாழ்க்கை இது."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! "பெத்த அப்பனைச் செத்துட்டாருன்னு மறைச்சு வைப்பேனா நான்? அவரு பாக்கணும்னுதானே தையில வைக்கச் சொல்லி ஓடி வந்திருக்கேன். ஒரு வருஷம் தள்ளினா நீங்க சொன்னது நெசமாயிடும்யா!" அந்த வாக்கியத்தை அதுவரை நான் எனக்குள்ளேகூட முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

பெரியப்பா என்னையே பார்த்தார். பிறகு, "எடுங்கோ போனை" என்றார்.

எடுத்தேன். சிக்னல் நிஜமாகவே சரியில்லை. முற்றத்துக்கு ஓடினோம், மூன்று பேரும். மாமரத்தடியில் கிடைத்தது. திரையில் சரோஜா வந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. "என்னங்க இது கோலம்?"

"அப்புறம் சொல்றேன். அப்பாகிட்ட குடு, சீக்கிரம்!"

போன் ஆடி ஆடிக் கட்டிலுக்குப் போனது. அப்பாவின் முகம் திரையை நிறைத்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரும்மா இது? பேங்க்காரனா?"

"அப்பா, நான்தான்ப்பா!"

குரல் பிடிபட்டுவிட்டது. முகம் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. தலையைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். எழுந்து உட்கார மாட்டார் என்று சொன்னேனல்லவா, உட்கார்ந்துவிட்டார்.

"அடேய்! நான் இன்னும் சாகலடா! அதுக்குள்ள யாரைக் கேட்டுடா எடுத்த?"

சிவபாலன் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, மூக்கு ஒழுகியது, துடைக்கும்போது மீசை இல்லாதது மறுபடி கையில் பட்டது. பெரியப்பா போனை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஐயா, நான் பெம்பிளை வீட்டுப் பெரியப்பா கதைக்கிறன். சுகமோ?"

"என்ன?"

"சுகமோ எண்டு கேக்கிறன்!"

"சொகத்துக்கு என்ன, மூணு வேளையும் திங்கறேன். கல்யாணம் எப்ப?"

பெரியப்பா போனை வாய்க்கு அருகே கொண்டுவந்தார். பிறகு, காது கேளாதவருக்கும் கேட்கிற மாதிரி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "வாற தையிலை, ஐயா!"

"தையா? அதுவரைக்கும் இருந்துருவேன். கேட்டுச்சா?"

"ஓம் ஐயா. வடிவாக் கேட்டுது."

பிறகு நான் உள்ளே போகக் காலெடுத்தேன். பெண்ணின் அம்மா வாசலில் நின்று கையைக் காட்டித் தடுத்தார். "இல்லை, இல்லை. நீங்கள் படலைக்கு வெளியிலை போட்டு வாங்கோ." நிறைகுடம் திரும்ப வந்தது, விளக்குகள் வந்தன. காற்றில் ஒரு விளக்கு இரண்டு தடவை அணைந்து மூன்றாம் தடவை எரிந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வேலிக் கதவைத் தாண்டி வெளியே போய், பக்கத்து வீட்டு நாய் குரைக்கக் குரைக்க, புது ஆளாக மறுபடி உள்ளே வந்தேன். போனை யாரும் நிறுத்தவில்லை. பெரியப்பா அதைக் குத்துவிளக்கில் சாய்த்து வாசலைப் பார்த்து வைத்திருந்தார். நான் படியேறி வருவதை மதுரைக் கட்டிலிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

பணியாரம் வந்தது. பெரியப்பா என் தலையை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "உவன் நல்லாத்தான் வெட்டியிருக்கிறான். தைக்கு மாப்பிள்ளையையும் உவனிட்டையே கூட்டிக்கொண்டு போங்கோ, ஆனால் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது" என்றார். தட்டை என் பக்கம் தள்ளினார்.

"வடிவாச் சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.